அம்பாரம் சுவர் இல்லை

2005-இல் எனக்குப் புதுச்சேரியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மரக்காணத்தில் ஓர் உப்புக் குடோனிலிருந்து எங்களுக்கு ஆர்டர் வந்தது. அங்கே தள்ளுவண்டியில் வைத்த தராசின் எடையைக் குடோன் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். ஒயர் இழுத்தால் உப்பு தின்றுவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் வெளிச்சத்தில் அனுப்புவதாக ஏற்பாடு. அந்த வெளிச்சத்தை வாங்கும் ரிசீவரைக் கூரையில் எந்த இடத்தில் மாட்டுவது என்று கம்ப்யூட்டரில் போடும் சிமுலேஷன் கணக்கு சொல்லும். மாட்டுவது நான்.

வெளிச்சம் சுவர், கூரை, குவிந்து கிடக்கும் உப்பு அம்பாரம் என்று முட்டி முட்டித்தான் ரிசீவருக்கு வரும். வண்டி ஓரடி நகர்ந்தாலும் புரோகிராம் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடும். முழுக் குடோனுக்கும் போட்டு முடிய வாரக்கணக்கில் ஆகும். நடுவில் கரண்ட் போனால் போட்டதும் போச்சு.

கூனிமேட்டு மும்தாஜ் எங்களிடம் டிரெய்னி.

"வண்டிதான நகருது அண்ணே? மத்ததெல்லாம் அங்கியேதான இருக்குது. அதுங்களுக்குள்ள முட்டிக்கிறத ஒரு வாட்டி போட்டு வெச்சிக்கலாம். வண்டியிலேந்து கிளம்புறத மட்டும் புதுசா போட்டா போதும்."

அவளே புரோகிராமை அப்படி மாற்றி எழுதி ஓடவிட்டாள். டீ வருவதற்குள் முழுக் குடோனுக்கும் விடை வந்துவிட்டது. முதலாளிக்கு அதுதான் சந்தேகம்.

"ஏம்மா, இத்தினி சீக்கிரம் வந்தா எப்பிடி சரியா இருக்கும்? பழைய முறையிலயும் ஓட விடு. ரெண்டும் ஒத்துப்போனா பர்மனென்ட் பண்றேன். இல்லன்னா வேற எடம் பாத்துக்கோ."

ஓடவிட்டோம். அது முடிவதற்குள் குடோன்காரர் அவசரப்படுத்தியதால் மும்தாஜ் சொன்ன இடத்திலேயே மாட்டினேன். வேலை செய்தது. சில நாளில் குடோன்காரர் போன் பண்ணினார்.

"நடுவுல எடையே வர மாட்டேங்குதுங்க."

முதலாளி எங்கள் இருவரையும் காரில் ஏற்றினார். மும்தாஜின் வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

உள்ளே போனால் பாதி அம்பாரத்தைக் காணோம். லாரியில் ஏற்றிவிட்டார்களாம். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பியதே அந்த வெள்ளை உப்புதான். நாங்கள் அதைச் சுவர்க் கணக்கில் சேர்த்திருந்தோம்.

"உப்புன்னா விக்கத்தான செய்வோம்?" என்றார் குடோன்காரர்.

மும்தாஜ் மிச்ச அம்பாரத்தை டேப் வைத்து அளந்தாள். அங்கிருந்த கம்ப்யூட்டரிலேயே மறுபடி கணக்குப் போட்டு, ரிசீவருக்கு வேறு இடம் காட்டினாள். மாற்றி மாட்டினேன். எடை வந்தது.

"திரும்ப வித்தாங்கன்னா?" என்றார் முதலாளி.

"குடோன் காலியானாக்கூட இந்த எடம் சரியா வரும் சார். அதுக்கும் சேத்துதான் போட்டேன்."

பழைய முறைக் கணக்கு அடுத்த வாரம் முடிந்தது. அவளுடைய முதல் விடையோடு அப்படியே ஒத்துப்போனது. அந்தக் கணக்கில் இருந்த உப்புதான் குடோனில் இல்லை. முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு பர்மனென்ட் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேகமாகக் கணக்குப் போடுவது சீக்கிரம் வீட்டுக்குப் போக இல்லை. தப்பு தெரிந்த அன்றே திரும்பப் போடத்தான்.