செண்பகவல்லியின் நெயில் பாலிஷ்

என் பெண்டாட்டி செண்பகவல்லி தாராவியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறாள். அதே கடையின் முன்பக்கம் மொபைல் கவர் விற்கும் பேச்சிராஜாவாகிய நான்தான் அவளுக்கு எடுபிடி. எது ரிப்பேருக்கு வந்தாலும் அவள் முதலில் எடுப்பது சிவப்பு நெயில் பாலிஷை. கம்ப்யூட்டர் பெட்டியோடு வந்த சாமான் ஒன்றுவிடாமல் ஒரு பொட்டு வைப்பாள், வேறு பொருளோடு கலந்துவிடக் கூடாதாம்.

"என்னட்டி, பொட்டு வச்சு எங்க கெட்டிக்குடுக்கப் போற?" என்று கேலி செய்வேன். கண்டுகொள்ளவே மாட்டாள்.

போன மாதம் அடுத்த சந்து ராபியா வந்தாள். எம்பிராய்டரி மெஷின் வைத்திருப்பவள். கம்ப்யூட்டரின் மதர்போர்டு செத்துவிட்டது. ஏழு வருஷமாக வரைந்த டிசைனும் மெஷினை ஓட்டும் சாப்ட்வேரும் அதில்தான். சாப்ட்வேரை விற்ற கம்பெனியோ எப்போதோ மூடியாயிற்று.

"இது எந்திரிக்கலன்னா மெஷின வித்துட்டு வேற வேலைக்குத்தான் போணும்க்கா" என்றாள்.

செண்பகவல்லி பொட்டு வைத்து முடித்து, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு பெட்டியில் பொருத்தினாள். நீலத் திரை. மறுபடியும் நீலத் திரை, விண்டோஸ் எழவே இல்லை. செட்டிங்கில் நுழைந்து, டிஸ்கைப் படிக்கும் முறையைப் பழைய பெட்டியில் இருந்தபடியே மாற்றினாள். விண்டோஸ் சோம்பல் முறித்து எழுந்தது! ஆனால் சாப்ட்வேர் மட்டும் டாங்கிளைக் கேட்டது. பென் டிரைவ் மாதிரி ஒரு குட்டி சாவி. அதைச் சொருகினால்தான் ஓடும்.

"பழைய பெட்டிக்குப் பின்னாலயே சொருகியிருக்குக்கா" என்றாள் ராபியா.

இருவரும் பழைய பெட்டியை வைத்திருந்த மூலையைப் பார்த்தார்கள்; காலி. பிறகு என்னைப் பார்த்தார்கள். செத்த பெட்டிதானே, கடையை அடைக்கிறதே என்று ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அதைப் பழைய சாமான் எடுக்கும் பங்கார்காரனிடம் தூக்கிக் கொடுத்திருந்தேன்.

"யாரக் கேட்டு குடுத்திய? அறிவிருக்கா ஒங்களுக்கு?" என்று சீறினாள் செண்பகவல்லி.

ஓடினேன். தாராவியில் ஒரு மணி நேரம் என்றால் சும்மாவா? இரும்பு தனி, செம்பு தனி, பிளாஸ்டிக் தனி என்று பெட்டியை உரித்துப் போட்டிருந்தார்கள். "பையா, தோ மினிட்!" என்று இந்தியில் இரண்டே நிமிஷம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டே கறுப்பு பிளாஸ்டிக் குவியலை முழங்கால் போட்டுத் துழாவினேன். அடியில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது.

சொருகியதும் சாப்ட்வேர் திறந்தது. ராபியா அழுதுகொண்டே சிரித்தாள். அன்று மாலையே அவள் மெஷின் சத்தம் எங்கள் கடைவரை கேட்டது.

செண்பகவல்லிக்கு மட்டும் என்மேல் கோபம் தீரவில்லை. நெயில் பாலிஷை எடுத்து, என் கையை வெடுக்கென்று இழுத்து, கட்டைவிரல் நகத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

"இது எதுக்குட்டி?"

"நாளைக்கு ஒங்களயும் எவனாவது பங்கார்ல போட்டுட்டா, தேடி எடுக்கணும்லா?"