அண்ணாவைக் கேட்காமல் நான் சொன்ன பதில்

அண்ணா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில் திருப்பலிக்கு வந்து, இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே! உங்களிடம் மறைத்த ஒன்றை இன்று நான் சொல்லியாக வேண்டும். புகழுரையை மட்டும் எதிர்பார்த்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா மன்னார்த் தீவில் பிறந்தவர். அப்பா கடலில் தவறியபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஆறு. படிப்பை விட்டுவிட்டுக் கருவாட்டு வாடியில் வேலைக்குப் போனார். பின்பு இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்து, ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் சமையலும் துப்புரவுமாக இருபது வருடத்துக்கு மேல் உழைத்தார். "வீடு கூட்டிறது என்னோடை முடியட்டும்" என்று என்னை இங்கே கூப்பிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தவரும் அவரே. தமக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. தமிழ்த் திருப்பலி முடிந்ததும் கதிரைகளை அடுக்குவார். அடுக்காமல் கதைத்துக்கொண்டு நிற்பவர்களை, "கதிரைக்கு நாலு கால் இருக்குத்தான், தானா நடக்காது" என்று விரட்டுவார். அந்தப் பேச்சை வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள்.

அண்ணாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் என்னைக் கேட்காதீர்கள். தினமும் ஒரு மாத்திரை போட்டு, யாருக்கும் தொற்றாத நிலையில், உங்களைப் போலவே நடமாடினார். எனக்கு மட்டும் சொன்னார். சொன்ன அன்றே, "நான் போனாப்பிறகு ஒளிக்காதை. எங்கடை சனத்திலை இன்னும் ஆருக்காவது இருக்கும். தனிய இருந்து பயப்பிடுவினம்" என்றும் சொன்னார். அதற்குப் பிறகு என் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் தமது கோப்பையைப் பையில் கொண்டுவருவார். அது தேவையில்லை என்று நன்றாகத் தெரிந்தும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குத் தெரியாமல் எப்படி? என் வேலையே அதுதானே. மாத்திரை அந்தக் கிருமியை அடக்கும், அழிக்காது. உடம்பின் சில உயிரணுக்களுக்குள் அது உறங்கிக் கிடக்கும். மாத்திரையை நிறுத்தினால் எழும்பிவிடும். நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்களை எடுத்து, ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அழிக்கும்படி மாற்றி அமைக்க முடியுமா என்று எங்கள் ஆய்வுகூடத்தில் பார்க்கிறோம். இன்னும் மருந்தாகவில்லை. நீண்டகாலம் மாத்திரை எடுத்தவர்களின் அணுக்கள் எங்களுக்கு வேண்டும், ஆனால் கொடுக்க முன்வருவோர் குறைவு. அதைச் சொல்லி அங்கே அதிகம் சலித்துக்கொண்டவள் நான்தான்.

எங்கள் ஆட்கள் குவெஸ்தூரா என்கிற குடிவரவுப் பொலிஸ் அலுவலகத்துக்கோ டாக்டரிடமோ போவதென்றால் படித்த ஒருவரைக் கூட்டிப்போவார்கள். கதைப்பதெல்லாம் அவர்தான், உரியவர் மடியில் கைவைத்து இருப்பார். அண்ணாவும் அப்படித்தான் இருந்தார். ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவருடைய டாக்டரம்மா என்னைப் பார்த்து, ஆய்வுக்காக வெள்ளை அணுக்கள் கொடுக்க உங்கள் அண்ணாவுக்கு விருப்பமா என்று கேட்டார். இரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரிக்கும் இயந்திரத்தோடு மூன்று மணிநேரம் படுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்த இயந்திரம் உள்ள மாடியைத் துப்புரவு செய்பவர்களில் இருவர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்கள். என் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அண்ணாவின் பக்கம் திரும்பாமலே, "அவருக்கு விருப்பமில்லை" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டேன்.

வெளியே வந்ததும், "டாக்டர் கடைசியா என்ன கேட்டவ?" என்றார்.

"ஒண்டுமில்லை அண்ணா. குளிசையை ஒழுங்காப் போடட்டாம்."

"ஓம், ஓம்" என்றார். கபோ சந்தையில் இறங்கிக் கத்தரிக்காய் வாங்கினார். பாதியை என் பையில் போட்டார்.

இரண்டு மாதத்தில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. எல்லோரிடமும் மாரடைப்பு என்றேன், அது உண்மைதான். ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதபோதே, நல்லகாலம், சொல்லக்கூடிய நோயாகப் போய்விட்டது என்று என் மனம் ஆறுதல் பட்டது. அந்த ஆறுதலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அவருடைய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக் கடதாசிகளை ஒழுங்குபடுத்தும்போது ஆய்வுக்கான சம்மதப் படிவத்தின் பிரதி கிடைத்தது. நான் மறுத்த நாளுக்கு அடுத்த வாரத் திகதியில், அண்ணா கையெழுத்து வைத்திருந்தார். டாக்டரம்மாவிடம் ஓடினேன். அண்ணா தனியாக வந்தாராம். நல்ல இத்தாலியனில், தாமே பேசினாராம். இருபது வருடம் அந்த மொழியில் ஒரு வீட்டை நடத்தியவருக்கு டாக்டர் கேட்டது விளங்காது என்று நான் எப்படி நினைத்தேன்? "தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாம், அவள் பயந்துபோவாள்" என்றும் கேட்டுக்கொண்டாராம். மூன்று மணிநேரம் படுத்திருந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த ஞாயிறு என் வீட்டில் சாப்பிட்டார், இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் அணுக்களில் பெயர் இராது, எண் மட்டுமே. அண்ணாவுடையது எது என்று எனக்குத் தெரியாது; விசாரிக்கவும் கூடாது. என் கையால் தொட்டிருப்பேன்.

அண்ணாவைப் பன்னிரண்டு ஆண்டுகள் மரியாதையோடு பார்த்த டாக்டரம்மாவுக்கும் தாதிமாருக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்த கோயில் சகோதரர்களுக்கும், இதை எழுது என்று துணிவு சொன்ன என் மகளுக்கும் நன்றி.

இதை வாசிக்கும் எவருக்காவது இந்த நோய் இருந்து, டாக்டரிடம் கூட வர ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். டாக்டர் கேட்பதை முதலில் உங்களிடம் கேட்பேன். நீங்கள் பதில் சொல்லும்வரை நான் வாய் திறக்க மாட்டேன்.

தங்கை