ரிவால்வரில் தேங்காய் எண்ணெய்

விசையை இழுத்தேன். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது, வெடிக்கவில்லை. ஆனால் என் கையிலிருந்த ரிவால்வரின் குழல் சட்டென்று தரையைப் பார்த்துக் குனிந்தது. பக்கத்தில் நின்ற, சுடுதளத்தைக் கவனிக்கும் ரேஞ்ச் அதிகாரி அதைப் பார்த்துவிட்டார்.

தாமதமாக வெடித்துவிடலாம் என்பதால், விதிப்படி குழலை இலக்கை நோக்கியே சற்று நேரம் பிடித்திருந்து, பிறகு தோட்டாவை வெளியே எடுத்தோம். தோட்டாவில் குறை இருக்கலாம் என்றார். அப்புறம் தயக்கத்தோடு, சத்தம் வருவதற்கு முன்பே என் கை பயப்படுகிறது என்றும் சொன்னார். இத்தனை நாள் வெடியும் உதைப்பும் அதை மறைத்திருந்தனவாம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பயத்தைத் தொலைக்கத்தானே இந்தத் துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்தேன்! யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்த காலத்தில் வளர்ந்தவள் நான். ஆக்லாந்துக்கு வந்து எவ்வளவோ வருடங்கள் ஆகியும், நவம்பரில் மவுண்ட் ஆல்பர்ட் தெருவில் யாராவது வாணம் விட்டால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். பிள்ளைகள் வெளியே நின்று, "மம், இட்ஸ் ஜஸ்ட் ஃபயர்வொர்க்ஸ்" என்பார்கள். சத்தத்தை நானே உண்டாக்கிப் பழகினால் பயம் விட்டுப்போகும் என்று நினைத்தேன். லைசென்ஸ் எடுத்து, கழகத்தில் ஒருவர் வைத்திருந்த சின்னத் தோட்டா போடும் பழைய பாயின்ட் டூ டூ ரிவால்வரை வாங்கினேன். மாதக்கணக்கில் ஒழுங்காக வெடித்தது. பயம் போய்விட்டது என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

இப்போது எனக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. ரிவால்வர் பழையபடி வெடிக்க வேண்டும், என் கை செய்வதை யாரும் பார்க்கக் கூடாது.

வேறு தோட்டா போட்டுப் பார்த்தேன். அதே கதை. இந்த வகைத் தோட்டா, அதன் விளிம்பில் ரிவால்வருக்குள் இருக்கும் ஊசி ஓங்கிக் குத்தினால்தான் வெடிக்கும். வெடிக்காதவற்றின் விளிம்பிலோ நகம் பட்டது போல லேசான தடம்தான் இருந்தது. அவற்றையே திருப்பிப் போட்டபோது சில வெடித்தன. ஆக, குறை தோட்டாவில் இல்லை, அடிதான் பலமாக விழவில்லை. உள்ளே இருக்கும் சுருள்வில் தளர்ந்துவிட்டதோ என்று பார்த்தோம், இல்லை. தோட்டா அறைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம், பயனில்லை. குளிர்ந்த காலையில் மக்கர் செய்துவிட்டு, வெயில் ஏறியதும் கொஞ்சம் சரியானதுதான் புதிராக இருந்தது.

கடைசியில் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் ஊசியைக் கழற்றினார். அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. இது என்ன கிரீஸ் என்று கேட்டார். வாங்கி முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்!

வீட்டுக்கு வந்து கணவரைப் பிடித்தேன். "இஞ்சேருங்கோ, ஆயுத பூசையண்டைக்குத் துவக்குக்கு என்ன செய்தனீங்கள்?"

அவர் கோயம்புத்தூர்க்காரர்; துப்பாக்கியைத் துவக்கு என்று சொல்வது என்னிடம் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம். வருடா வருடம் லேப்டாப்புக்கும் காருக்கும் பொட்டு வைத்துச் சலித்தவருக்கு, நிஜமான ஆயுதமே வீட்டுக்கு வந்ததும் தலைகால் புரியவில்லை. அன்று நான்தான் பெட்டகத்தைத் திறந்து, தோட்டா இல்லை என்று பார்த்து, தட்டில் வைத்தேன். அவர் வைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பிறகு துடைத்தும் எடுத்தேன். சுண்டல் தாளிக்க நான் திரும்பிய நேரத்தில் நடந்ததுதான் தெரியாது.

"ரெண்டு சொட்டு விட்டேன்மா. பழைய சாமானாச்சே, ஸ்மூத்தா ஓடட்டும்னு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்குப் பயம் போகணும்னு வேண்டிக்கிட்டேதான் விட்டேன்."

"பயம் போட்டுதெண்டு உங்களுக்கு எத்தினை தரம் சொன்னனான்!"

"தூக்கத்துல நீ துள்ளுறது எனக்குத்தானம்மா தெரியும்."

இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, என் பெருமையைக் கெடுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்திருக்கிறார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் ஆசையாகவும் இருந்தது.

ஊசியைச் சுத்தம் செய்ததும் ரிவால்வர் சரியாகிவிட்டது. ஆனால் மறுபடியும் வெடிச்சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்ல தோட்டாக்களுக்கு நடுவே, எனக்குச் சொல்லாமல், வெடிக்காத போலித் தோட்டாவைக் கலந்து போடும்படி ரேஞ்ச் அதிகாரியிடம் நானே கேட்டேன். முதலில் ஒவ்வொரு 'டிக்'குக்கும் குழல் குனிந்து மானத்தை வாங்கியது. விடாமல் சனிக்கிழமை தோறும் போனேன். குனிவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஒரு சனிக்கிழமை கணவரும் கூட வந்தார். காதுக்கவசம் போட்டும், எனக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வெடிக்கும் துள்ளினார். சுட்டேன், வெடித்தது. மறுபடி சுட்டேன், வெடித்தது. அடுத்தது 'டிக்'. குழல் அசையவில்லை. வைத்த குறியிலேயே நின்றது.

ரிவால்வரைக் காலி செய்து மேசையில் வைத்தேன். அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய்க் கிட்ட வந்தார்.

"என்னாச்சும்மா, மறுபடியும் கெட்டுப்போச்சா? சத்தியமா இந்தத் தடவ நான் தொடவே இல்ல!"

"இல்லையப்பா," என்றேன். "துவக்குக்கு ஒண்டுமில்லை. எனக்கும் ஒண்டுமில்லை."