சேவற்கட்டில் ஒரு ஜூவாலஜி மாணவன்

சென்னையில் நான் ஜூவாலஜி ஆனர்ஸ் படித்தபோது மத்தியானங்கள் பெரும்பாலும் அறுவையில் கழியும். தவளை, சுறா, புறா, முயல் என்று எது கிடைத்தாலும் மெழுகுத் தட்டில் மல்லாத்தி, ஊசி குத்தி, தோலை விலக்கி, ரத்தக் குழாய்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இந்தப் படிப்புக்கு மரியாதை இல்லை. மாட்டு டாக்டருக்குப் படிக்கிறான் என்று அப்பா வெளியில் சொல்லிச் சமாளித்தார். லீவில் வந்தால் குளித்த பிறகுதான் அம்மா என்னைச் சமையலறைக்குள் விடுவாள்.

ஒரு தை மாதம், போத்தனூரில் ரயில் மாறி ஊர் வந்து சேர்ந்த மறுநாளே, அம்மாவின் தம்பி என்னைச் சேவற்கட்டுக்கு அழைத்தார்.

"வாங்க மாப்பிள்ளை. அறுபட்ட கோழியத்தான பாத்திருப்பீங்க. அறுக்கற கோழியப் பாருங்க."

எனக்கும் ஒரு தேவை இருந்தது. பறவை எலும்புக்கூடு ஒன்று தயாரித்துக் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். தோற்றுச் செத்த சேவலைக் கோச்சை என்பார்கள்; அது ஜெயித்தவனுக்குச் சொந்தம். மாமா ஜெயித்தால் கறி அவருக்கு, எலும்பு எனக்கு.

தென்னந்தோப்பில் கூட்டம் வட்டமாக நின்றது. விரல் நீளக் கத்தியைச் சேவலின் காலில் நூல் சுற்றி இறுக்கினார்கள். எதிர்ச் சேவல் அப்பாவின் பங்காளி வீட்டுடையது. அவர் எனக்குப் பெரியப்பா முறை. வாய்க்கால் வழக்கில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அவருடைய மகன்தான் சேவலைப் பிடித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், அண்ணன் முறை. "எப்ப வந்தே?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டுவிட்டு, தன் அப்பாவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

சேவல்கள் மோதிய வேகத்தில் அவனுடையதற்கு இரைப்பை கிழிந்தது. தின்ற கம்பு மணிகள் ரத்தத்தோடு மண்ணில் கொட்டின. அப்படியும் அது பின்வாங்கவில்லை. அதை எடுத்துவிடலாம் என்று அவன் குனிந்து பாய்ந்தான். அதே நேரம் மாமாவின் சேவல் எகிறியது. கத்தி அவனுடைய உள்தொடையில் இறங்கியது.

கல் பட்டவன்போல அவன் காலைப் பார்த்தான். பிறகு ரத்தம் விட்டுவிட்டுப் பீறிட்டது. நெஞ்சுத் துடிப்புக்கு ஏற்ற வீச்சு, செக்கச்செவேல் என்ற நிறம். எந்தக் குழாய் அறுந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"வேணும்னே சேவல உட்டுப்போட்டான்!" என்று பெரியப்பா கத்தினார். அவ்வளவுதான். தடியும் தென்னை மட்டையும் கிளம்பின. மாமாவின் ஆள் ஒருவன் பல் தெறித்து விழுந்தான். நான் அண்ணனிடம் ஓடினேன். அவனை மல்லாக்கத் தள்ளி, கவட்டைக்கு அருகே முட்டியை வைத்து, உடம்புக் கனத்தையெல்லாம் அதில் இறக்கினேன். பீறிட்டது நின்று வெறும் கசிவானது.

"எந்திரிச்சு வாங்க மாப்பிள்ளை! நமக்கெதுக்குங்க?" என்று மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"முட்டிய எடுத்தா அண்ணன் செத்துப்போயிருமுங்க மாமா."

அவர் என்னை விட்டுவிட்டு ஓடினார். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். வெட்டுப்பட்டுக் கிடந்த மகன்மேல் எதிராளியின் மகன் ஏறி உட்கார்ந்து அழுத்துகிறான். அவர் கண்ணில் பட்டது அதுதான். தடி என் இடது தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த அடிக்கு ஓங்கினார்.

"பாருங்க பெரியப்பா!" என்று முட்டியைத் தூக்கினேன்.

ரத்தம் எழும்பி அவர் வேட்டியில் அடித்தது. மறுபடி அழுத்தினேன். தடியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ கண்ணு, கண்ணு" என்று அவர் மகன் தலைமாட்டில் விழுந்தார். என்னைச் சொன்னாரா, மகனைச் சொன்னாரா, தெரியாது.

பொள்ளாச்சி ஆஸ்பத்திரி வரை அவரே வண்டி ஓட்டினார். பள்ளத்தில் சக்கரம் விழும்போதெல்லாம் நானும் அவனும் சேர்ந்து அலறினோம். டாக்டர் குழாயைக் கட்டினார். உயிர் தங்கியது, கால் தங்கவில்லை. கறுத்து நாறத் தொடங்கியதும் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். போலீஸ் வந்தபோது, அரிவாள்மேல் விழுந்தான் என்று இரண்டு வீடும் ஒரே குரலில் சொல்லின.

கல்லூரிக்குத் திரும்பும் வழியில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்க்கப் போனேன். என் கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எங்கால என்ன பண்ணுனாங்க?"

வாசலில் நின்ற சிப்பந்தியிடம் போய் விசாரித்துவிட்டு வந்தேன். "ஆஸ்பத்திரிக்குப் பொறத்தால பொதைச்சுட்டாங்களாமுங்ணா."

அவன் கட்டிலோரம் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து என்மேல் வீசினான். அது முறிந்த தோளில்தான் பட்டது. கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ அன்னைக்கு முட்டிய எடுத்திருக்கோணும்," என்றான். "யாரு புடிக்கச் சொன்னாங்க உன்னைய?"

வெளியே வராந்தாவில் நின்ற பெரியப்பா என்னைப் பிடித்துத் தூக்கிவிட்டார். ரயிலடி வரை என் பெட்டியைச் சுமந்து வந்தார்.

அடுத்த கோடை லீவில் பொள்ளாச்சிச் சந்தையில் அவனைக் கண்டேன். கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, காளை ஒன்றின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தபடி தரகனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சண்டையை நிறுத்தாமலே கூப்பிட்டான்.

"இங்க வா தம்பி. இதுக்கு எத்தன வயசுன்னு நீ சொல்லு. இவன் பொய் பேசறான்."