ஏழாவது மதிப்பீடு

எதையும் கட்டம் போட்டுப் பார்ப்பவள் என்பதால் துறையில் அவளை 'அட்டவணை' என்றுதான் கூப்பிடுவார்கள். தற்காலிக விரிவுரையாளர். மாடிப்படிக்கு அடியில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே அவள் மேசை. வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். அடுத்து தங்கை, அதே துறையில் இரண்டாம் ஆண்டு. காலையில் மருந்துக்கடை வேலை, மதியம் வகுப்பு. போன வருடம் பருவத்தின் பதினோராவது வாரத்தில் திணறித் தோற்றாள். இன்னொரு முறை தோற்றால் படிப்பை விட்டுவிட வேண்டியதுதான்.

அந்த வாரத்தை அக்கா தாளில் வரைந்து பார்த்தாள். ஆறு பாடம், ஆறு ஆசிரியர்கள். ஒருவர் என்ன கேட்கிறார் என்று இன்னொருவருக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வாரம் மதிப்பெண் ஒப்படைக்க வேண்டும் என்பதால், ஆறு பேருமே பதினோராவது வாரத்தில் ஒரு கட்டுரை கேட்டார்கள். ஆறும் குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே ஒப்பிக்கும் கட்டுரைகள். மூன்றை நீக்கிவிட்டு, அந்தப் பாடங்களைச் சேர்த்து ஒரே ஒரு கள ஆய்வு வைக்கலாம் என்றாள். மாணவர்கள் சொந்தமாக யோசித்து எழுத வேண்டும்.

"பிரமாதம்மா" என்றார் துறைத்தலைவர். "உன்னோடத முதல்ல சேத்துடுவோம். எடுக்கறத அப்புறம் பாத்துக்கலாம்."

சேர்ப்பதற்கு அவர் கையெழுத்து ஒன்று போதும். நீக்குவதற்கு அந்தந்தப் பாட ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். அது தெரிந்தும் அவர் வார்த்தையை நம்பினாள். பிறகு நீக்கல் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று அறைகளுக்கும் நடையாய் நடந்தாள்.

"என் பாடம்னா அவ்ளோ இளப்பமா?" என்றார் மூத்த பேராசிரியர். "வேணும்னா உன்னோடத எடுத்துக்கோயேன், அட்டவணை."

அதற்கும் வழியில்லை. கள ஆய்வுக்கு ஒப்புதல் வந்துவிட்டது, இனி எடுப்பதென்றால் அடுத்த வருடம்தான்.

"உன் புண்ணியத்துல ஆறு ஏழாச்சுக்கா" என்று தங்கை சிரித்தாள்.

பதினோராவது வாரக் கடைசியில் கள ஆய்வுகள் வந்தன. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். தங்கையின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவளுக்கு அந்த எண் மனப்பாடம். கட்டை இரண்டு முறை புரட்டினாள். அந்த எண் இல்லை.

"ஏன்டி குடுக்கல?"

"மத்த ஆறையும் உருப்போட்டு எழுதிட்டேன். உன்னோடதுக்குத்தான் யோசிக்கணும். எனக்கு எங்கக்கா நேரம்?"

"அதுல போனா மூணு பாடமும் போச்சு, வருஷமே போச்சுன்னு தெரியும்ல?"

"தெரியும். நீதான திருத்தப் போறன்னு இருந்துட்டேன்."

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "கூடப் பொறந்தவளுக்கு நாலு மார்க்கு போட உனக்குக் கை வராதா?"

எழுதாத தாளுக்கு எதைப் போடுவது? மறுநாள் அந்த எண்ணுக்கு நேரே பூஜ்யம் போட்டாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தங்கை மருந்துக்கடைக்கு முழுநேரமாகப் போனாள். வீட்டில் யாரும் அக்காவோடு பேசவில்லை.

பருவ முடிவில் துறைத்தலைவர் கூப்பிட்டார். "உன் கள ஆய்வை எல்லாரும் பாராட்டறாங்க. மூணாம் வருஷத்துக்கும் ஒண்ணு சேத்துக் குடேன்."

அது அவள் பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம்.

"சரிங்க சார்" என்றாள்.