கழுகு எண்ணிய செல்கள்

ஆய்வகத்தில் அவளுக்குக் கழுகு என்று பெயர். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் போதும், உயிருள்ள நரம்புச் செல் எது, செத்தது எது என்று பிசகாமல் சொல்லிவிடுவாள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, சும்மாவா வந்தது?

அங்கே நடந்த ஆராய்ச்சி பக்கவாதத்தைப் பற்றியது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நடுவில் உள்ள செல்கள் உடனே மடிந்துவிடும். ஓரத்தில் இருப்பவை பட்டினி கிடந்தாலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகுதான் கூத்து. செல்லுக்குள் ஒரு புரதம் இன்னொன்றைத் தட்டியெழுப்ப, அது அடுத்ததைத் தட்டியெழுப்ப, ‘செத்துப்போ’ என்ற செய்தி கைமாறிக் கைமாறி உள்ளே போய்ச் சேரும். செல்லும் சொன்ன பேச்சைக் கேட்டுத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அந்தச் செய்தியைப் பாதி வழியில் மறிக்கும் மருந்து ஒன்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கழுகுக்கு இதில் சொந்த அக்கறை இருந்தது. அவளுடைய தம்பி தையற்காரன். பக்கவாதம் வந்து வலது கை மடங்கிப்போய், இடது கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் "மருந்து என்னக்கா ஆச்சு?" என்பான். "வந்துடும்டா" என்பாள். அடைப்பு ஏற்பட்டதுமே கொடுக்க வேண்டிய மருந்து அது, அவனுடைய செல்கள் செத்து வெகுநாளாகிவிட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

எலியின் மூளையைச் சீவல் சீவலாக வெட்டி, ஸ்லைடில் ஒட்டி, ஊதாச் சாயம் போட்டுத்தான் எண்ணுவார்கள். மருந்து பெற்ற எலி எது, பெறாதது எது என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. அதுதான் சட்டம். பேராசிரியை ஸ்லைடில் எழுதியிருந்த விவரத்தின்மேல் காகிதம் ஒட்டி, வெறும் எண் போட்டுத் தந்தார். கழுகு எண்ணினாள். காகிதத்தைப் பிரித்துப் பார்த்தால், மருந்து பெற்ற எலிகளில் செல்கள் அமோகமாகப் பிழைத்திருந்தன. ஆய்வகமே தலைகால் புரியாமல் ஆடியது.

மறுநாள் ஸ்லைடுகளைப் பெட்டியில் அடுக்கும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். சில ஸ்லைடுகள் அடர்ந்த ஊதா, சில வெளிறிய ஊதா. காகிதம் ஒட்டும் முன் சாயம் போட்டது அவளேதான். மருந்து பெற்ற எலிகளுடையதை முதலில், புதிய சாயத்தில் முக்கியெடுத்தாள். மற்றவற்றை அதே சாயம் வலுவிழந்த பிறகு. காகிதம் ஒட்டி என்ன பயன்? நிறமே காட்டிக்கொடுத்திருக்கிறது. சந்தேகமான செல் வந்தபோதெல்லாம், அடர்ந்த ஊதாவாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று தாராளமாகச் சேர்த்திருக்கிறாள். தெரிந்து செய்யவில்லை. ஆனால் செய்திருக்கிறாள்.

நேரே பேராசிரியையிடம் போனாள்.

"மேடம், என் கணக்கைத் தூக்கிப் போட்டுடுங்க."

"என்ன விளையாடுறீங்களா? அடுத்த வாரம் கட்டுரை அனுப்பணும்!"

"எது மருந்து போட்டதுன்னு நிறத்தை வச்சே என் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. குளிர்பெட்டியில மிச்சச் சீவல் இருக்கு. எல்லாத்தையும் கலந்து ஒரே சாயத்துல போடலாம். எண்ணுறது நான் வேணாம், அவசரம் எண்ணட்டும்."

அவசரம் என்பது பக்கத்து மேசைக்காரன், எதையும் ஓட்டமும் நடையுமாகச் செய்கிறவன். அவனைக் கூப்பிட்டுச் சொன்னதும், "நானா? என் கணக்கை நானே நம்பமாட்டேனே!" என்றான்.

"உனக்கு இதுல எந்த ஆசையும் இல்ல. அது போதும். நிதானமா எண்ணு."

அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினான். மருந்தால் பிழைத்தவை கழுகு சொன்னதில் பாதிதான். ஆனால் அந்தப் பாதி, பேராசிரியை எப்படிப் புரட்டிப் பார்த்தும் அசையவில்லை. "இனி எவன் கேள்வி கேட்டாலும் ஒரு கை பார்த்துடலாம்" என்றார். கழுகுக்கும் அதே தெம்புதான். இனி தம்பியிடம் மட்டும் என்ன மூடிமறைப்பு என்று நேரே அவன் கடைக்குப் போனாள்.

"மருந்து வேலை செய்யுதுடா. ஆனா அடைப்பு வந்த உடனே குடுத்தாத்தான். உனக்கு..."

தம்பி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு உதவாதுன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாருக்கா."

"அப்புறம் ஏண்டா ஒவ்வொரு தடவையும் கேட்டே?"

"கேட்டாத்தானே வந்துடும்னு சொல்வே. அதைச் சொல்றப்போதான் உன் முகத்துல சிரிப்பு வரும்." ஊசியையும் நூலையும் நீட்டினான். "இனி வர்றவன் கையாவது மடங்காம இருக்கட்டும். இந்தா, கோத்துக் குடு."

அவள் வாங்கிக்கொண்டாள். எத்தனை முறை முயன்றும், கழுகின் கண்ணுக்கு ஊசியின் காது தெரியவில்லை.