துணைக்கு வந்த ஜெயசீலி

இந்தத் தீவில் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால், பள்ளி வாசலை மிதிப்பதற்குள் பத்துப் பேராவது "கொன் தாக்கா?" என்று கேட்டுவிடுவார்கள். எங்கே போகிறாய் என்று அர்த்தம். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய உபத்திரவமாக இருந்தது. திருப்பூரில் எங்கள் நெருப்பெரிச்சல் பக்கம் வெளியே கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்கவே மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். "தூரமுங்களா?" என்பார்கள். அதற்கு ஒரு தலையாட்டல் போதும். இங்கே கால்மணி நேரம் நடந்தால் ஊர் முடிந்து கடல் வந்துவிடுகிறது. கையில் நோட்டுக் கட்டோடு, குடையைப் பிடித்துக்கொண்டு, இந்த வெள்ளை மணல் தெருவில் நான் வேறு எங்கே போவேன்? ஆனாலும் நின்று நின்று ஒவ்வொருவருக்கும் "ஸ்கூல்" என்று பதில் சொன்னேன். அது கேள்வியே இல்லை என்று ஒரே வாரத்தில் கண்டுபிடித்தவள் என்னோடு ஊரிலிருந்து வந்த ஜெயசீலி. "ஏட்டி, அவங்க என்ன பதிலுக்கா கேக்காங்க? சிரிச்சிட்டு நீயும் திருப்பிக் கேளு, அம்புட்டுத்தான்" என்றாள். மறுநாளிலிருந்து அவள் தெரு முழுக்கச் சிரித்துக் கேட்டுக்கொண்டே போனாள். நான் அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்தேன்.

மாலத்தீவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல வெளியே வந்து தங்கிவிட்டவர்களுக்கும் எழுத எவ்வளவோ இருக்கிறது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பதைப் பற்றி எழுதலாம், மூன்று வேளையும் மீன் தின்பதைப் பற்றி எழுதலாம். ஆனால் எதை எழுத உட்கார்ந்தாலும் அவள் வந்து நிற்கிறாள்.

எங்கள் அப்பா நெருப்பெரிச்சலில் பனியன் துணி பின்னுகிற நான்கு நிட்டிங் மிஷின் வைத்திருந்தார். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே மிஷின் ஓடும். பேசினால் கத்த வேண்டும். அண்ணன்கள் கத்தினார்கள், நான் பேசுவதை விட்டுவிட்டேன். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "எம்புள்ள அமைதியானவளுங்க" என்று அம்மா பெருமையாகத்தான் சொல்வாள். ஜெயசீலியின் குடும்பம் தெற்கே நாசரேத்துப் பக்கமிருந்து வந்தது. அவள் அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர். பக்கத்து மண்ணரையில் ஒற்றை அறை லைன் வீட்டில் ஆறு பேர் இருந்தார்கள். அவள் அந்த ஆறு பேர் சத்தத்துக்கு மேலே பேசக் கற்றுக்கொண்டவள். கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் ஒரே பெஞ்ச். நான் வகுப்பில் முதல். அவளுக்கு இரண்டு பேப்பர் நின்றுபோய்த் திரும்ப எழுதினாள்.

நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் இத்தாலிக்காரர் ஒருவர் அப்பாவின் துணியைப் பார்க்க வந்தார். அப்பா முகம் வேர்த்துப்போய் என்னைக் கூப்பிட்டார். "கண்ணு, எம்.ஏ. படிக்கறயல்ல, அவருகிட்ட ரெண்டு வார்த்த பேசு." இத்தாலிக்காரர் ஒரு துணியை வெளிச்சத்தில் பிடித்து, அதில் ஓடிய கோட்டைக் காட்டி ஏதோ கேட்டார். எனக்கு எல்லாம் புரிந்தது. சொல்ல வேண்டிய வாக்கியமும் தெரியும், முற்றுப்புள்ளி வரை. வாய் திறக்கவில்லை. புத்தகம் வாங்கிப் போக வந்திருந்த ஜெயசீலி நடுவில் புகுந்தாள். "சார், திஸ் பீஸ் ஒன்லி பேட். நீடில் ப்ராப்ளம். அதர் பீஸ் ஆல் குட். யூ சிட், டிரிங்க் டீ, ஐ ஷோ." அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். டீயும் குடித்தார். ஆர்டரும் வந்தது. அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது: "படிச்ச புள்ள நம்முளுது, பேசற புள்ள அவிங்களுது." விளையாட்டாகத்தான் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாலத்தீவு வேலைக்கு விளம்பரம் பார்த்து மனுப் போட்டது நான்தான். வேலை உத்தரவு வந்ததும் அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார். கல்யாணமாகாத பெண்ணைத் தனியாகக் கடல் தாண்டி அனுப்ப முடியாது என்றார். அப்புறம் அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். மண்ணரைக்குப் போய் அந்த ஒற்றை அறையின் வாசலில் நின்று ஜெயசீலியிடம் கேட்டார். "ஏன் கண்ணு, நீயும் ஒரு மனுப் போடேன். இவ வாயத் தொறக்க மாட்டா. நீ கூட இருந்தீன்னா எனக்குத் தைரியமா இருக்கும்." அவளுக்கு அப்போது ஊரிலேயே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேலை கிடைத்திருந்தது. "சரிங்கப்பா, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். அந்த வேலையை விட்டுவிட்டு எனக்குத் துணையாகத்தான் அவள் இதே பள்ளிக்கு வந்தாள். இதை நீங்கள் மறக்காமல் இருக்க வேண்டும். நான் மறந்தேன்.

பள்ளியில் எங்கள் இருவர் வகுப்புக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவள் "வாட் இஸ் யுவர் ஃபாதர் கேட்ச் டுடே?" என்று தப்பும் தவறுமாகக் கேட்பாள், நாற்பது குழந்தைகள் ஒரே குரலில் மீன் பெயர்களைக் கத்துவார்கள், பிறகு சிரிப்பு அலையாக வரும். இந்தப் பக்கம் நான் கரும்பலகையில் அச்சுப் போல எழுதிக்கொண்டிருப்பேன். திரும்பிப் பார்த்தால் என் குழந்தைகளின் கண்கள் அந்தத் தடுப்பின் மேல் இருக்கும். அந்த வருஷத் தேர்வில் என் வகுப்புதான் அதிக மார்க் வாங்கியது. அதை ஒருவரும் பேசவில்லை. சாயங்காலம் பெண்கள் கயிற்று வலை நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஜெயசீலிக்கு ஒரு நாற்காலி எப்போதும் காலியாக இருந்தது. மூன்று மாதத்தில் அவர்கள் பாஷையையும் தப்பும் தவறுமாகவே பேசினாள். எனக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மடு மிஸ்'. அகராதியில் பார்த்தேன், 'மெதுவான' என்று போட்டிருந்தது. மந்தம் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு ஒரு வாரம் வெந்தேன். தலைமையாசிரியர்தான் ஒரு நாள், "மடு இஸ் குட், மிஸ். சாஃப்ட். ஜென்டில்" என்று விளக்கினார். ஆறுதலாக இல்லை. அவளுக்குப் பட்டப்பெயரே வைக்கவில்லை. அவளை ஜெயா என்று கூப்பிட்டார்கள்.

ஷிஃபா என்று ஒரு சிறுமி என் வகுப்பில் இருந்தாள். காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்று கேட்டு ஆரஞ்சு எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் அம்மாவின் கண் என் தோளுக்குப் பின்னால் தேடியது. "ஜெயா மிஸ்?" என்றாள். ஆரஞ்சைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அறைக்கு வந்தால் ஜெயசீலி எனக்கும் சேர்த்து ரசம் வைத்திருந்தாள். "எங்க போன, தேடினேன்லா?" என்று கேட்டாள். "சும்மாதான்" என்றேன். அவள் கையால் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, இவள் இங்கே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாம் வருஷக் கடைசியில் தலைமையாசிரியர் என்னை மட்டும் கூப்பிட்டார். அடுத்த வருஷத்துக்கு ஒரு இங்கிலீஷ் டீச்சருக்குத்தான் இடம். அவர் மிகவும் தயங்கித் தயங்கிப் பேசினார். "மிஸ் ஜெயா, சில்ட்ரன் லவ் ஹர். பட் ஹர் இங்கிலீஷ்... இஸ் இட் கரெக்ட்? மை இங்கிலீஷ் இஸ் நாட் இனஃப் டு ஜட்ஜ். யூ ஹாவ் எம்.ஏ. ப்ளீஸ் டெல் மீ."

குழந்தைகளைப் பேச வைக்க அவளைப் போல இன்னொருத்தி கிடைக்க மாட்டாள் என்று நான் சொல்லியிருக்கலாம். இலக்கணம் நான் பார்த்துக்கொள்கிறேன், இருவரையும் ஒரு வருஷமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியிருக்கலாம். வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. மேஜை மேல் இருந்த சாக்பீஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு, "ஓகே. ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்றார். என் மௌனத்தை இந்தத் தீவில் ஒருவர் சரியாகப் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

அவள் போன அன்று படகுத் துறையில் பாதி ஊர் நின்றது. ஷிஃபா அவள் புடவையை விடவில்லை. படகில் ஏறும்போது ஜெயசீலி அழுதுகொண்டே என்னிடம், "ஒத்தையில கிடப்பியேட்டி. நாலு பேருகிட்ட வாயத் தொறந்து பேசு, என்ன?" என்றாள். நான் தலையாட்டினேன். அறைக்குத் திரும்பியபோது எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது. ஒரு வாரம் கழித்து வகுப்பில் தடுப்பை எடுத்துவிட்டு இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். எண்பது குழந்தைகள் என்னையே பார்த்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டேன். ஆனால் திருப்பூரில் அவளைப் பற்றிக் கேட்காமல் தப்பிக்க முடியவில்லை. அவள் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் ஆகியிருந்தாள். துணி வாங்க வருகிற வெளிநாட்டு பையர்களிடம் பேசி, ஆர்டர் எடுத்து, சரக்கு கப்பலேறும் வரை பார்த்துக்கொள்கிற வேலை. ஊர் அந்த வருஷங்களில் வீங்கிக்கொண்டிருந்தது. வயலாக நான் விட்டுப்போன இடத்தில் கம்பெனி நிற்கும். அப்பாவின் நான்கு மிஷின் பன்னிரண்டு ஆகியிருந்தது. "எல்லாம் அந்தப் புள்ள புடிச்சுக் குடுத்த ஆர்டரு கண்ணு. வாரம் ஒருக்கா வந்து உங்கம்மாகிட்ட காபி குடிச்சுட்டுப் போகும்" என்றார் அப்பா. எங்கள் வீட்டு டம்ளர் எது எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அம்மா எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது விடுமுறையில் அதற்கு மேல் தாங்கவில்லை. காதர்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த அவள் ஆபீசுக்குப் போனேன். மேஜை முழுக்கத் துணித் துண்டுகள், இரண்டு போன், காதில் பென்சில். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "ஏட்டி பூங்கொடி! இப்பவாது வழி தெரிஞ்சுதா?" உட்கார்ந்ததும் சொன்னேன். முன்பே நினைத்து நினைத்துக் கோத்து வைத்திருந்ததால் தடுமாறாமல் வந்தது. தலைமையாசிரியர் கேட்டது, நான் பேசாமல் இருந்தது, வேண்டுமென்றே இருந்தது.

அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு சொன்னாள்.

"சார் என்கிட்டயும் சொன்னாருட்டி. பூங்கொடி மிஸ்கிட்ட கேட்டேன், அவங்க ஒண்ணும் சொல்லலைன்னு. நான் சிரிச்சேன். அவ பேரக் கேட்டாக்கூடப் பேச மாட்டா சார், அவ சுபாவம் அதுன்னு சொன்னேன். தப்பா எடுத்துக்கிடாதீங்கன்னு உனக்காகப் பேசிட்டு வந்தேன்."

போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. அவளை நான் பார்த்த இத்தனை வருஷத்தில் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தது அன்றுதான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு துணித் துண்டை எடுத்து நான்காக மடித்தாள். "பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும்லா" என்றாள். இரண்டாவது தடவை போன் அடித்தபோது எடுத்து, "குட் ஆஃப்டர்நூன், சார்" என்று ஆரம்பித்தாள். அவள் இங்கிலீஷில் இப்போது ஒரு தப்பும் இல்லை. நான் படியிறங்கி வந்தேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருவதை நிறுத்திவிட்டாள். அப்பா காரணம் கேட்டு எனக்கு மூன்று கடிதம் எழுதினார்.

அந்த விடுமுறை முடிந்து தீவுக்குத் திரும்பினேன். மத்தியான வெயிலில் படகு துறைக்கு வந்தபோது பெண்கள் எனக்காக நின்றிருந்தார்கள். எனக்கு ஒரு நிமிஷம் மனம் பொங்கியது. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஷிஃபாவின் அம்மா கேட்டாள், "ஜெயாவைப் பார்த்தாயா?" மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் பாஷையில், தப்பும் தவறுமாக. இரண்டு போன், காதில் பென்சில், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், அவளிடம் கேட்காமல் எங்கள் ஊரில் ஒரு கப்பலுக்கும் சரக்கு போகாது. அவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். இந்தத் தீவில் நான் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை. அப்புறம் அவர்கள் அவளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டே தெருவுக்குள் போய்விட்டார்கள். நான் துறையில் பெட்டியோடு நின்றேன். இங்கே அவளைப் பற்றிச் சேதி கொண்டுவருகிறவள் நான். அங்கே அவளை வீட்டுக்கு வராமல் செய்தவள் நான். இரண்டு ஊரும் அவளுடையதாகவே இருந்தன. எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.